நாலு வருஷம் ட்ரக்கில் படுத்து ஊர் சுற்றியதில் தெரிந்தது: தூசி எங்கிருந்து வருகிறது

போன வாரம் மச்சான் போன் செய்து கேட்டான். "டபுள் கேப் பிக்கப் ஒண்ணு செகண்ட்ஸ்ல வருதுடா, உன்ன மாதிரி பின்னாடி படுக்கை போட்டு ஃபேமிலியோட சுத்தலாம்னு இருக்கேன், எடுக்கலாமா?" டபுள் கேப் என்றால் முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த டெக். ஒரு மணி நேரம் பேசினேன். அவன் கேட்டது மைலேஜ், சர்வீஸ் செலவு, ரீசேல். நான் சொன்னது பெரும்பாலும் தூசி. பேசி வைத்த பிறகுதான், இதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்து கேட்பவருக்கும் உதவும் என்று தோன்றியது. கேனப்பியில், அதாவது பின்பக்க டெக்கை மூடும் ஃபைபர் கூட்டில், கடைசி வேலையும் போன மாதம்தான் முடிந்தது, எல்லாம் நினைவில் இருக்கிறது.

வண்டி இசுசு வி-கிராஸ், 2019 மாடல், 2.5 லிட்டர், மேனுவல் கியர், 4x4. 2021 கடைசியில் செகண்ட்ஸில் எடுத்தேன். இப்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பவர், டார்க் எல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும், அதை இங்கே எழுதப்போவதில்லை. இஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல மாட்டேன். தடாவைத் தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில் செய்த வண்டி இது, எங்கள் தொண்டியார்பேட்டையிலிருந்து கல்கத்தா ரோட்டில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத இடம். காலியாக ஓட்டினால் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் குதிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் படுக்கை, பேட்டரி, தண்ணீர், சமையல் சாமான் என்று லோடு ஏறியதும் அதே வண்டி அப்படியே அடங்கி ஓடுகிறதே, அதை அனுபவித்துப் பார்க்க வேண்டும்.

ஏன் பொலேரோ கேம்பர் எடுக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். பெயரில்தான் கேம்பர், அது வேலைக்கான வண்டி, நல்ல வண்டிதான். ஆனால் மஞ்சள் போர்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்பது சரி, ஆனால் எஃப்சி எனும் தகுதிச் சான்று எடுத்தே ஆக வேண்டுமே. அதோடு பின்னால் மெத்தை, அடுப்பு, குழந்தை என்று போகும்போது ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் இது லோடு வண்டியா டூர் வண்டியா என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வெள்ளை போர்டில் சொந்த வண்டியாகப் பதிவு செய்த பிக்கப் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன், அவ்வளவுதான்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதனால் பாடியை வெட்டுவது, சேஸிஸில் வெல்டிங் வைப்பது எதையும் நான் செய்யவில்லை. கேனப்பி கிளாம்ப் போட்டு மாட்டியது, கட்டில் நாலு போல்ட்டில் நிற்பது, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். நீங்கள் செய்யும்போதும் உங்கள் ஆர்டிஓவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, படுக்கை. டபுள் கேப் வாங்க நினைக்கும் யாரும் யோசிக்காத விஷயம் இது. பின்பக்க டெக்கின் நீளம் ஒன்றரை மீட்டர்தான், அதாவது ஐந்தடி. நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். நேராகப் படுத்தால் கால் வெளியே. மூலைக்கு மூலை படுத்தால் ஒருவர்தான் படுக்கலாம். ஆகவே டெயில்கேட்டை, அதாவது கீழே மடியும் பின்கதவைத் திறந்து, கட்டில் பலகையை அதன் மேல் வரைக்கும் இழுத்து நீட்டி, வெளியே நீளும் பாகத்துக்கு மேல் ஒரு தார்ப்பாய்க் கூடாரம் போட்டோம். மணலியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒரு கடையில் தைத்தது, நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது, ஒரு தையல் விடவில்லை. கட்டிலை முதலில் 18 எம்எம் மரைன் பிளைவுட்டில் செய்தேன், தப்பு. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 35 கிலோவுக்கு மேல் வரும். பிறகு 12 எம்எம்மில் அடியில் சட்டம் கொடுத்துச் செய்தோம், எடை குறைந்தது, பலம் குறையவில்லை.

இப்போது தூசிக்கு வருகிறேன்.

முதல் நீளமான பயணம் திருச்செந்தூர் பக்கம், குதிரைமொழி தேரி. செம்மண் தேரியைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் பல வருஷ ஆசை. மண் ரோட்டில் மொத்தமே இருபது கிலோமீட்டர்தான் ஓடியிருப்போம். சாயங்காலம் கேனப்பியைத் திறந்தால் மெத்தை சிவப்பு, தலையணை சிவப்பு, அரிசி டப்பாவின் மூடிக்குக் கீழே சிவப்பு, குழந்தையின் சட்டைப் பையைத் தட்டினால் மாவு மாதிரி கொட்டுகிறது. அன்று ராத்திரி மூவரும் இருமிக்கொண்டே படுத்தோம். தேரி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஊருக்கு வந்தால் அதே கதை கருப்பு நிறத்தில். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்றில் நிலக்கரியும் சாம்பலும் மண்ணும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று. பழவேற்காடு போய்வந்தாலே விரிப்பு கறுத்துவிடும்.

கேனப்பி செய்து கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம். லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டவர்கள். முதல் பதில், "ரப்பர் செட்டாகணும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். இரண்டாவது பதில், புது ரப்பர் பீடிங் கூரியரில். மூன்றாவது பதில், அதைவிடத் தடிமனான பீடிங். நாலாவது தடவை போனை எடுக்கவில்லை. அவர்கள் செய்த கேனப்பியின் ஃபைபர் வேலை சுத்தம், பெயின்ட் இன்றுவரை வெளுக்கவில்லை, கண்ணாடி ஒரு தடவைகூடச் சிக்கியது கிடையாது. அது நியாயமாகச் சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்றரை வருஷம் ஒரு வீட்டாரைத் தூசியில் தூங்க வைத்துவிட்டு, கடைசிவரை ரப்பரையே பதிலாகச் சொன்னார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ராத்திரியில் கேனப்பிக்குள் டியூப்லைட் போட்டு, வெளியே இருட்டில் நின்று, எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸில் குறி போட்டேன். டெயில்கேட்டின் அடிப்பக்கம், கீல் இருக்கும் இரண்டு மூலை, பக்கவாட்டு இடுக்கு. எந்தப் பிக்கப்பானாலும் அந்த இடைவெளி இருக்கும், மழைத் தண்ணீர் வடிய வேண்டுமே. மண்ணடியில் வாங்கிய ரப்பரால் முடிந்தவரை அடைத்தேன். தூசி கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. அடைத்த இடம் போக மீதி இருந்த சின்னச் சின்ன ஓட்டை வழியாக இன்னும் வேகமாக உள்ளே அடித்த மாதிரிதான் இருந்தது. வெக்கைக்குப் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம், டீசல் புகை வாடையும் சேர்ந்து வந்தது. அதை யாரும் செய்யாதீர்கள். ஓடும் வண்டியில் பின்பக்கம் ஆளோ நாயோ இருந்தால் அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

விஷயத்தைப் புரியவைத்தவர் காசிமேட்டில் ஃபைபர் போட் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். வேறு வேலைக்காக, கேனப்பியில் விழுந்த ஒரு கீறலை அடைக்கத்தான் அவரிடம் போயிருந்தேன். புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "தம்பி, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தியா நீ? ஓட்டையவே பாத்துனு இருக்கே." பார்க்கவே இல்லை. அன்று மாலையே டெயில்கேட் இடுக்கில் உள்பக்கமாக நாலு நூல் ஒட்டி, மொபைலை உள்ளே வீடியோவில் வைத்துவிட்டு மீஞ்சூர் வரை ஓட்டினேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் நாலு நூலும் உள்ளே பார்த்து நீட்டிக்கொண்டு ஆடுகின்றன. வண்டி முன்னால் போகப் போக அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய தூசி அங்கேயே சுழல்கிறது. கேனப்பிக்குள் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால், எந்த இடுக்கு கிடைத்தாலும் அந்தத் தூசிக் காற்று உள்ளே இழுபடும். அடைத்து ஜெயிக்க முடியாது. உள்ளே அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், அப்போது அதே இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும். ஆஸ்திரேலியாவில் மண் ரோட்டில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் இதைப் பல வருஷமாகச் செய்கிறார்கள் என்பது பிறகு தேடியபோது தெரிந்தது.

அண்ணன் செய்து கொடுத்தது இதுதான். கேனப்பியின் முன்பக்கம், கேபின் கூரைக்கு மேலே எழும் இடத்தில், முன்னோக்கிப் பார்க்கும் நாலு அங்குல வாய் ஒன்று. தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் தூசி குறைவு. வாய்க்குப் பின்னால் ஒரு சின்ன ஃபைபர் பெட்டி. மழைத் தண்ணீர் அதில் விழுந்து அடியில் இருக்கும் குழாய் வழியாக வெளியே போய்விடும், காற்று மட்டும் தடுப்பின் மேல் ஏறி உள்ளே வரும். படகில் கீழறைக்குக் காற்று விட இதே முறைதானாம். பெட்டிக்குள் பைக் ஏர் ஃபில்டருக்குப் போடும் ஃபோம், லேசாக எண்ணெய் தடவியது. ஒரு வாய் போதவில்லை, நூல் தொய்ந்து நின்றதே தவிர வெளியே திரும்பவில்லை. போன மாதம் இரண்டாவது வாயும் வைத்தோம். மறுபடி நூல், மறுபடி மீஞ்சூர். நாலும் வெளியே பார்த்து நீட்டி நின்றன. அந்த வீடியோவை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன், அம்மாவுக்கு இரண்டு தடவை. மொத்தச் செலவு 3,500 ரூபாய். மூன்று வருஷமாக ரப்பருக்குப் போன பணம் அதற்கு மேல்.

அதற்குப் பிறகு பழவேற்காடு, ஏலகிரி, கண்டிக்கோட்டை மூன்றும் போய் வந்தாயிற்று. கண்டிக்கோட்டையில் பள்ளத்தாக்குப் பக்கம் மண் பாதையில் புழுதி பறக்க ஓட்டிவிட்டு மெத்தையில் வெள்ளைத் துண்டைத் தேய்த்துப் பார்த்தோம். துண்டு வெள்ளையாகவே இருந்தது. என் மனைவி அதைப் பார்த்து எதுவும் பேசாமல் உடனே விரித்துப் படுத்துவிட்டாள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. 100 ஏஎச் லித்தியம் பேட்டரி, வண்டி ஓடும்போது சார்ஜ் ஆக டிசி-டிசி சார்ஜர், ஒரு 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன். 5 கிலோ சிலிண்டர், சமையல் எப்போதும் வெளியேதான், மழையானாலும் தார்ப்பாய்க்குக் கீழே நின்றுதான். தண்ணீர் 40 லிட்டர், அதற்கு மேல் ஏற்றாதீர்கள், ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. ஆர்சியில் இருக்கும் மொத்த எடையை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாம் ஏற்றி ஆளும் உட்கார்ந்து ஒரு எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரி எடை போடும் இடம் நிறைய இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் போய்விட்டது. அம்மாவின் இன்சுலின் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. வண்டியை முந்தின நாளே மேட்டில் இருக்கும் லாரி ஷெட்டில் விட்டிருந்தேன். ஃப்ரிட்ஜையும் பேட்டரியையும் கழற்றித் தலைமேல் வைத்து நானும் தம்பியும் தண்ணீரில் நடந்து மாடிக்குக் கொண்டுவந்தோம். மூன்று நாள் ஓடியது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மருந்து, கீழ்வீட்டுக் குழந்தையின் பால், எல்லாம் அதற்குள்தான். ஊர் சுற்ற வாங்கிய பொருள் எங்கள் தெருவுக்கே உதவியதை நான் மறக்க மாட்டேன்.

சரி மச்சான், உனக்குப் பதில். எடுக்காதே.

உன் தெரு என் தெருவைவிடக் குறுகல். இந்த வண்டி 5.3 மீட்டர் நீளம், நான் மாதா மாதம் ஷெட்டுக்கு வாடகை கொடுக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்துப் போய்த்தான் எடுக்கிறேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் எதிரே பஸ் வந்தால் என்ன பாடு என்று உன் தங்கச்சியைக் கேள். உனக்கு இரண்டு பிள்ளைகள், ஐந்தடி டெக்கில் நாலு பேர் படுக்க முடியாது, மேலே டென்ட் போட வேண்டும், அது தனிச் செலவு, தனி எடை. நீ போவது பெரும்பாலும் தார் ரோடு. மூடிய வேன் ஒன்று பார், கதவு ஒழுங்காக அடையும், தரை தட்டையாக இருக்கும், தூசிக்காக மூன்று வருஷம் போராட வேண்டியதில்லை. வேனை எப்படிப் பதிவு செய்வது, எதை மாற்றலாம் என்று முதலில் ஆர்டிஓவில் கேட்டுக்கொள்.

நேற்று ஷெட்டில் ஒரு லாரி ஓனர் என் வண்டிக்கு விலை கேட்டார், நல்ல விலைதான் சொன்னார். விற்பதாக இல்லை என்றேன். இன்னும் பத்து வருஷமாவது வைத்திருப்பேன்.

காலையில் ஃபோமைக் கழட்டிச் சோப்புத் தண்ணீரில் அலசினேன். வாளித் தண்ணீர் கருகருவென்று இறங்கியது. அவ்வளவும் முன்பு எங்கள் மெத்தைக்கு வந்தது. மாடியில் காயப் போட்டிருக்கிறேன், காய்ந்ததும் எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறோம்.