கிணற்றடிக்கு வழி காட்டும் போன்: ஆறு வருட அனுபவம்

தண்ணீர் மோட்டார் திருத்துவது என் தொழில். வீட்டுக் கிணற்று மோட்டார், தோட்டத்து இறைப்பு மிசின், தாங்கிக்குத் தண்ணீர் ஏறாத வீடு என்று ஒரு நாளைக்கு நான்கைந்து இடம் போவேன். காலையில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் புறப்பட்டால் உரும்பிராய், அச்சுவேலி, நெல்லியடி என்று மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கும். 2019 இல் இருந்து இந்த ஓட்டத்தில் மூன்று போன்கள் மாறிவிட்டன. கமரா எப்படி, கேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒழுங்கைக்குள் ஒரு படலையைக் கண்டுபிடிக்க எந்தப் போன் உதவியது, எது காலை வாரியது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டு இலக்கத்தை வைத்து யாரும் வீடு தேடுவதில்லை. "உப்புமடச் சந்தியால திரும்பி வாங்கோ, வைரவர் கோயிலடியில இடக்கைப் பக்கம் ஒரு குச்சொழுங்கை, அதுக்குள்ள மூண்டாவது படலை." இதுதான் விலாசம். கோயிலடி, ஆலடி, புளியடி, மடத்தடி என்று எல்லாம் ஏதோ ஒன்றின் அடிதான். புளியமரத்தைத் தறித்து இருபது வருடமானாலும் இடம் புளியடிதான். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது போதும். நான் குடாநாட்டின் வேறு பகுதி, தென்மராட்சிக்காரன். வலிகாமத்து ஒழுங்கைகள் எனக்கு வந்தேறிய பிறகு படித்த பாடம். அதனால்தான் போனில் இவ்வளவு தங்கியிருந்தேன்.

முதல் போன் விலையைப் பார்த்து வாங்கியது. மேப்பைத் திறந்தால் நீலப்புள்ளி சரியாகத்தான் விழும். ஆனால் நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று அதற்குத் தெரியாது. சந்தியில் நின்றால் வலமா இடமா என்று புரியாமல் இருபது மீற்றர் ஓடிப் பார்த்து, பிழை என்றால் திருப்பி வரவேண்டும். நெடுநாள் கழித்துத்தான் காரணம் விளங்கியது. திசை காட்டும் காந்த சென்சர் அந்தப் போனில் இல்லவே இல்லை. மலிவான போன்கள் பலவற்றில் அதை வைப்பதில்லை, பெட்டியிலும் எழுதுவதில்லை. புதுப் போன் வாங்கப் போனால், கடை வாசலில் நின்று மேப்பைத் திறந்து, நீலப்புள்ளியிலிருந்து விசிறி போல ஒரு வெளிச்சம் விரிகிறதா என்று பாருங்கள். நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், வெளிச்சமும் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் கையை நீட்டி வானத்தில் 8 எழுதுவது போலப் போனை இரண்டு மூன்று தரம் அசைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் அந்தப் போன் என் போன்ற வேலைக்காரருக்கு வேண்டாம். இன்னொன்று: காந்தம் வைத்த கவரும், காந்தம் வைத்த ஸ்டாண்டும் திசையைக் குழப்பும்.

அடுத்தது லொகேஷன் அனுப்புவது. இதில் நான் இழந்த நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாடிக்கையாளர் வீட்டுக்குள் கதிரையில் இருந்தபடி வட்ஸ்அப்பில் லொகேஷனை அழுத்தி அனுப்பிவிடுவார். அனுப்பும் முன் திரையில் இத்தனை மீற்றருக்குச் சரி என்று சிறிய எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. 40 மீற்றர் பிசகு வேறு ஊர்களில் பெரிய விசயமாக இராது. இங்கே 40 மீற்றர் என்றால் அடுத்த ஒழுங்கை. இரண்டு ஒழுங்கைக்கும் நடுவே மதிலும் வேலியும். மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் இரையும் சத்தம் கேட்கும், ஆனால் அங்கே போக ஒரு கிலோமீற்றர் சுற்றவேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. அவை அனுப்பும் நேரத்தையும் அவை இருக்கும் இடத்தையும் கேட்டு, குறைந்தது நான்கு செய்மதிகளின் தூரத்தைக் கணக்கிட்டு, இடத்தைப் பிடிக்கிறது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீற்றர் தள்ளிப்போகும், அவ்வளவு நுணுக்கமான வேலை. கொங்கிறீற் தட்டுக்குக் கீழே, தகரக் கூரைக்குக் கீழே அந்த மெல்லிய அலை சரியாக வராது. அப்போது போன் சுற்றியுள்ள வைஃபையையும் போன் சிக்னல் கோபுரத்தையும் வைத்து ஊகிக்கும். ஆகவே நான் இப்போது எல்லோருக்கும் ஒரே வசனம்தான் சொல்வேன்: "அக்கா, முத்தத்துக்கு வந்து, கிணத்தடியில நிண்டு, ஒரு நிமிசம் பொறுத்து அனுப்புங்கோ." அந்த ஒரு நிமிடத்தில் 40 என்பது 5 ஆக இறங்கும். தோட்டக் கிணறுகளில் இந்தச் சிக்கலே இல்லை. உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டத்தின் நடுவே நின்றால் வானம் முழுக்கத் திறந்திருக்கும். விலாசமே இல்லாத அந்தக் கிணறுகளைத்தான் போன் மிகச் சரியாகக் காட்டுகிறது.

இரண்டாவது போன் கனடாவில் இருந்து மச்சான் கொடுத்துவிட்டது. எங்கள் வீடுகளில் பாதிப் போன் இப்படி வருவதுதான். வெளிநாட்டுப் போன் எடுக்கும்போது, அங்குள்ள நிறுவனத்துக்குப் பூட்டுப்போட்ட போனா என்று முதலில் கேட்கவேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 இலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான். இரண்டு சிம் வைத்து ஓடுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். கடையில் பழைய போன் வாங்கினாலும் சரி, *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ இலக்கத்தை எடுத்து, அதை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். காசைக் கொடுக்கும் முன் செய்யவேண்டிய வேலை இது.

அந்தப் போன் நல்ல போன். இரண்டு வருடம் என்னோடு உழைத்தது. ஒரு நாள் பின்னேரம், கிணற்றுக் கட்டில் குனிந்து அடிவால்வைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சேர்ட் பையில் இருந்து நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. எடுக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்ற சான்று கிணற்றின் அடியில் உதவாது. போன் போனதைவிட அதற்குள் இருந்த இடக்குறிகள் போனதுதான் எனக்கு வலித்தது. முந்நூறுக்கு மேற்பட்ட கிணறுகள். இணையம் இல்லாமல் இயங்கும் ஒரு மேப்பில் சேமித்திருந்தேன், அது போனின் நினைவகத்தில் மட்டும்தான் இருந்தது, கணக்கில் ஏற்றியிருக்கவில்லை.

அன்றுமுதல் கொப்பியிலும் எழுதுகிறேன். இதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். குடாநாட்டில் எங்கே நின்றாலும் அகலாங்கு 9 இல்தான் தொடங்கும். நெட்டாங்கு, யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து கிழக்கே முழுக்க 80, கோட்டைக்குச் சற்று மேற்கே தாண்டினால் காரைநகர், ஊர்காவற்றுறை, தீவுகள் எல்லாம் 79. ஆகவே புள்ளிக்குப் பின்னால் வருவதை எழுதினால் போதும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் ஏறத்தாழ 11 மீற்றர், ஐந்து எழுதினால் ஒரு மீற்றர். நான் ஐந்து எழுதுகிறேன். பக்கத்தில் "நாச்சிமார் கோயிலடி, பச்சைப் படலை, நாய் உண்டு" என்று ஒரு குறிப்பு. இலக்கம் ஒழுங்கை வாசல் வரை கூட்டிப்போகும், படலையைத் திறக்க வைப்பது அந்தக் குறிப்புத்தான். அம்மாவின் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னாலும் இதே மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 2018 ஆடியில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் சேவை எங்கள் பக்கத்துக்கும் வந்தது. அவசரத்தில் கூப்பிடுகிறவருக்கு வாய் குழறும், தாளைப் பார்த்து வாசித்தால் போதும்.

இப்போது கையில் இருப்பது மூன்றாவது. இதை வாங்கும்போது நான் கேட்டது இரண்டே கேள்வி. பற்றரி 5000 எம்ஏஎச் இருக்கிறதா, எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையிலும் ஜிபிஎஸ் பிடிக்குமா. 2018 இல் சியோமி மி 8 தான் இந்த இரட்டை அலைவரிசையை முதலில் போனுக்குள் கொண்டுவந்தது, இப்போது நடுத்தர விலையிலும் தேடினால் கிடைக்கிறது. சுவரில் பட்டுத் தெறித்து வரும் அலையை, நேரே வரும் அலையில் இருந்து பிரித்தறிய எல்5 உதவும். வித்தியாசத்தை என் வீட்டுக் கிணற்றடியிலேயே பார்த்தேன். பழைய போனில் புள்ளி பத்து மீற்றருக்குள் உலாவிக்கொண்டே இருக்கும், சில நேரம் பக்கத்து வளவுக்குள் போய் நிற்கும். இது மூன்று நான்கு மீற்றருக்குள் அடங்கி நிற்கிறது. நகருக்குள், கஸ்தூரியார் வீதியின் மாடிக் கடைகளுக்கு நடுவே போனால்தான் இதன் அருமை இன்னும் தெரியும்.

குறையும் உண்டு. சித்திரை வெயிலில் ஹாண்டிலில் மாட்டி ஓடினால் பதினைந்து நிமிடத்தில் போன் கொதித்துத் திரை மங்கிவிடும். ஹாண்டிலில் மாட்டுவதையே இப்போது விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிளின் அதிர்வு கமராவைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 இல் எச்சரித்தது. ஒரு காதில் மட்டும் குரலைக் கேட்டுக்கொண்டு ஓடுவது, சந்தேகம் வந்தால் மரநிழலில் நிறுத்திப் பார்ப்பது. அது போதும்.

டேட்டா இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நிறையப் பேர் இன்னும் நினைக்கிறார்கள். மேப்பின் படத்தை இறக்குவதற்குத்தான் டேட்டா வேண்டும், இடத்தைப் பிடிக்க வேண்டாம். நெடுந்தீவுக்கு வேலைக்குப் போன நாளில் இதை நேரே பார்த்தேன். குறிகட்டுவானில் படகு ஏறும் முன்பே தீவின் மேப்பை இறக்கி வைத்திருந்தேன். ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். சிக்னல் கோடு எல்லாம் விழுந்த பிறகும் நீலத் திரையில் நீலப்புள்ளி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பி, இது நாங்கள்தானோ?" என்றார். "ஓம் ஐயா, நாங்கள்தான்." இறங்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேப்புக்குத் தெரியாதவை இருக்கின்றன. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள். செயலி வழக்கம் போல அந்தப் பக்கத்தால்தான் வழி சொல்லும். முதல் வருடம் முத்திரைச் சந்தியில் வந்து முட்டிக்கொண்டு நின்றேன். ஆவணி வந்தால் நான் கல்வியங்காட்டுப் பக்கத்தால் சுற்றுவதென்று ஆக்கிக்கொண்டேன். மாரியில் எந்த ஒழுங்கைக்குள் வெள்ளம் நிற்கும் என்பதும் அதற்குத் தெரியாது, சந்திக் கடைக்காரருக்குத் தெரியும்.

என் இடத்தை யாருக்குக் காட்டுகிறேன் என்பதில் நான் கவனம். "எங்க போறாய், எங்கயிருந்து வாறாய்" என்ற கேள்விக்குச் சோதனைச்சாவடியில் நின்று பதில் சொல்லி வளர்ந்த தலைமுறை நாங்கள். தீவுப் பக்கம் போகும் நாளில் மட்டும் மனைவிக்கு எட்டு மணித்தியாலத்துக்கு லொகேஷனைத் திறந்துவிடுவேன், மற்ற நாளில் பூட்டு. போன இடங்களின் வரலாற்றைச் சேமிப்பதையும் நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர் அனுப்பும் லொகேஷனைக் கொப்பியில் குறித்தவுடன் அழித்துவிடுவேன். தனியே இருக்கும் அம்மாக்கள், அக்காமார் எத்தனை பேர். அவர்களின் படலை என் போனில் கிடந்து வேறு கைக்குப் போகக்கூடாது.

போன வருடம் ரொறன்ரோவில் இருந்து ஒரு ஐயா அழைத்தார். திருவிழாவுக்கு வருகிறாராம், வீட்டு மோட்டாரைத் திருத்தி வைக்கவேண்டும். தொண்ணூறுகளில் போனவர். ஒழுங்கையின் பெயர் நினைவில்லை, அயலில் இருந்தவர்களும் இல்லை. செய்மதிப் படத்தைப் பெருப்பித்து, ரயில் பாதையில் இருந்து கூரை கூரையாக எண்ணி, ஒரு சின்ன வட்டத்தில் குறிபோட்டு அனுப்பியிருந்தார். "இந்த வட்டம்தான் எங்கட கிணறு. பக்கத்தில ஒரு தென்னை நிக்குது பாருங்கோ." படம் எப்போதோ எடுத்தது, சுற்றிவரப் புது வீடுகள் எழும்பியிருந்தன. ஆனாலும் குறி கிணற்றுக் கட்டில் இருந்து பத்தடிக்குள்தான் இருந்தது. அங்கே நின்றபடியே சரியான லொகேஷனைத் திருப்பி அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"தம்பி, தென்னை நிக்குதோ?"

"இல்லை ஐயா. அடிக்கட்டை மட்டும் இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தண்ணி?"

வாளியை விட்டு அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உவர் இல்லை.

"நல்ல தண்ணி, ஐயா."

கொப்பியில் அந்தக் கிணற்றின் இலக்கத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவைத்தேன்.