காது மெஷின்: எட்டு மாதம் மாட்டிப் பார்த்ததில்

எனக்கு வயது 68. நெசவு ஆலையில் 31 வருடம் தறிகளுக்கு நடுவே நின்றவன். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் அதே ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். அடுத்த அறையில் முணுமுணுத்தாலும் அவருக்குக் கேட்கும். எனக்கு எதிரில் உட்கார்ந்து பேசினாலே பாதிதான். காது சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கீச்சென்ற ஒலிகள் வரும் இடத்தில், கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. "இரைச்சலில் வேலை பார்த்தீர்களா?" என்றுதான் ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிப்பவர்) முதலில் கேட்டார்.

வாங்கியது காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண வகை. இரண்டு காதுக்கும் வேண்டும் என்றார்கள். கையிருப்பு ஒன்றுக்குத்தான் எட்டியது. ஓய்வுக்குப் பின் கிடைத்த காவலாளி வேலை, தொலைபேசி மணி காதில் விழவில்லை என்று மூன்றே மாதத்தில் போய்விட்டது. அந்தச் சம்பளம் தொடர்ந்திருந்தால் இன்னொன்றும் வாங்கியிருப்பேன்.

அமைதியான அறையில் ஒருவர் பேசினால் மெஷின் அருமை. 'காசு' என்றார்களா 'காது' என்றார்களா என்று முழிப்பது நின்றது. கூட்டத்தில் மோசம். எல்லாச் சத்தமும் சேர்ந்து பெரிதாகிறது, யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்றும் புரியவில்லை. ஒற்றைக் காதில் மாட்டினால் அப்படித்தானாம்.

1967-இல் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தேன். கடைநிலை ஊழியர்கள், மேலதிகாரிகளைவிட அதிகமாக இதய நோயில் இறந்திருக்கிறார்கள். எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள், முதலாளியும் ஒருவரே. எனக்கு, ஒரே ஆலையில் தறிச் சத்தத்துக்கு வெளியே கணக்குப் பிரிவில் இருந்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

பெரிய தொல்லை பேட்டரி. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் எண். ஸ்டிக்கரை உரித்துக் காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும்; அப்புறம் மாட்டாமல் வைத்தாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். சிக்கனம் பண்ணலாமென்று ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிப் பார்த்தேன், பலனில்லை. சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போன எனக்கு அதை உரிப்பதே பெரும்பாடு. இதை வடிவமைத்தவர்கள் ஒரு வயதானவர் கையில் கொடுத்துப் பார்த்தார்களோ என்னவோ.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வாங்குவதற்கு முன் கடையிலேயே நீங்களே ஒருமுறை பேட்டரி மாற்றிப் பாருங்கள். நான் இப்போது அதற்கு அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறேன். அவர் விரல்கள் நன்றாக இருக்கின்றன.