தண்டையார்பேட்டை புள்ளைங்க விளையாட்டு வகுப்பு: 12 வாரம் பாப்பாவோட போன ஒரு அப்பாவோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிட்றேன், நடத்தறவங்க பேர இங்க போடல. கொறையும் சொல்லப்போறேன், அவங்க சின்ன குழு, நாலஞ்சு பேரு கைக்காச போட்டு நடத்தறாங்க, பேரு போட்டு யாராவது போய் அவங்கள திட்டறது எனக்கு வேணாம். தண்டையார்பேட்டை பக்கம் வந்து கைக்குழந்தைங்க விளையாட்டு வகுப்பு எங்கன்னு கேட்டா மாடிய காட்டுவாங்க.

என் வேல காசிமேட்டு ஹார்பர்ல, டாடா ஏஸ் வண்டி ஓட்றேன். ராத்திரி 2 மணிக்கு கெளம்பினா ஏலம் முடிஞ்சு லோடு எறக்கிட்டு வீட்டுக்கு வர 9:30 ஆயிடும். ஒய்ஃப் எம்.சி. ரோட்ல துணிக்கடையில சேல்ஸ், காலைல போனா ராத்திரிதான். அதனால பகல்ல பாப்பாவ பாத்துக்கறது நானும் எங்கம்மாவும்தான். உண்மைய சொல்லணும்னா அதுல பாதி நேரம் பாத்துக்கினது ஃபோன், வீடியோ போட்டாதான் ஒரு வாய் சோறு எறங்கும்ங்கற நெலமைக்கு வந்துடுச்சு, 1 வயசு 8 மாசத்துல பாப்பா பேசினது மொத்தமே அஞ்சாறு வார்த்த, அதுல ஒண்ணு நைனா. எதிர் வீட்டு அக்காதான் இந்த வகுப்ப பத்தி சொன்னாங்க.

புதன்கிழமை காலைல 11 மணி, ஒன்ற மணி நேரம், 12 வாரம். 6 மாசத்துலேர்ந்து 3 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க. ஃபீஸ் கெடயாது.

மொத வாரம் நான் போனப்ப கதவுகிட்ட பேரு எழுதற பொண்ணு கேட்டது "அம்மா வரலையா சார்?"னு. வரலன்னேன். "அப்பாங்க வெளிய ஒக்காரலாம், புள்ளய மட்டும் விடுங்க"ன்னுச்சு. 14 அம்மாங்க உள்ள, நான் செருப்பு விட்ற எடத்துல நிக்கறேன், பாப்பா என் சட்டய புடிச்சிக்கினு அழுவுது. மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அப்புறம் வகுப்பு எடுக்கற அக்கா பாத்துட்டு அவங்களே எழுந்து வந்து "நைனா உள்ள வாங்க, பாப்பா பக்கத்துல ஒக்காருங்க"ன்னு பாய் போட்டாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரெண்டாவது வாரமும் போனேன். ஆனா ஃபாரத்துல இன்னமும் "தாயின் பெயர்"னு ஒரு கோடுதான் இருக்கு, அப்பாவுக்கு எடம் இல்ல, அத மாத்துங்கன்னு சொல்லியிருக்கேன்.

உள்ள என்ன நடக்குதுன்னா, கடையில வாங்கின பொம்ம ஒண்ணு கூட இல்ல. காலி தண்ணி பாட்டில்ல கூழாங்கல்லு போட்டு கிலுகிலுப்ப, பாட்டில் மூடில ஓட்ட போட்டு கயித்துல கோக்கறது, கார்பென்டர் கடையில மீந்த கட்டைய தேச்சு வழவழன்னு ஆக்கின கட்டைங்க, அட்டைப்பொட்டிய வெட்டி படம் ஒட்டின புக்கு. அந்த புக்குல வஞ்சிரம், சங்கரா, நண்டு எல்லாம் இருக்கு, எங்க பாப்பா நண்ட பாத்துட்டு கைய பின்னால இழுத்துக்கினுச்சு பாருங்க, ஏன்னா நெஜ நண்டு அதுக்கு தெரியும்! வாரம் ஒரு சாமான் வீட்டுக்கு குடுத்து விட்றாங்க, அடுத்த வாரம் அத திருப்பி குடுத்துட்டு வேற வாங்கிக்கணும்.

நாலாவது வாரம் நடந்தத சொல்றேன். ரெண்டு தட்டு, ஒண்ணுல செவப்பு மூடி, இன்னொண்ணுல நீல மூடி, பிரிச்சு போடணும். பாப்பா நீல மூடிய எடுத்து செவப்பு தட்டுல போட்டுச்சு. நான் டக்குனு கைய நீட்டிட்டேன். அக்கா மெதுவா "கைய எடுங்க நைனா, அவ பாத்துப்பா"ன்னாங்க. பாப்பா தட்டையே பாத்துக்கினு இருந்துச்சு, மூடிய எடுத்துச்சு, என்ன ஒரு பார்வ பாத்துச்சு, அப்புறம் மாத்தி நீலத்துல போட்டுச்சு. ஹால்ல இருந்த அத்தன பேரும் கை தட்டினாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. வகுப்போட சூட்சுமமே அதுதான்: செஞ்சு காட்டணும், விட்ரணும், செஞ்சா வாய் தெறந்து பாராட்டணும். அவங்க புள்ளைக்கு சொல்லிக்குடுக்கல, நமக்கு சொல்லிக்குடுக்கறாங்க, குளிப்பாட்டும்போது, மீன் கழுவும்போது, கொடியில துணி காயப்போடும்போது என்ன செய்யறோம்னு புள்ளகிட்ட பேசிக்கினே செய்யுங்கன்னு.

இது எங்கேர்ந்து வந்த முறைன்னு கேட்டேன். ஜமைக்காவாம்! எனக்கு ஜமைக்கான்னா கிரிக்கெட்டும் உசைன் போல்ட்டும்தான் தெரியும். 1980கள் கடைசில அங்க கிங்ஸ்டன் நகரத்துல ஏழைங்க இருக்கற பகுதில, வயசுக்கேத்த ஒசரம் இல்லாத 129 புள்ளைங்கள வெச்சு சாலி கிரந்தம் மெக்ரெகர்ங்கற டாக்டரம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. கொஞ்சம் பேருக்கு வாராவாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கே ஆள் போய் இதே மாதிரி விளையாட்டு, கொஞ்சம் பேருக்கு பால் மாவு மட்டும், கொஞ்சம் பேருக்கு ரெண்டும், மீதி பேருக்கு ரெண்டும் இல்ல, இப்படி ரெண்டு வருஷம். அந்த புள்ளைங்க வளந்து வேலைக்கு போனப்புறம் தேடிப்பிடிச்சு பாத்தா, விளையாட்டு கெடச்சவங்க சம்பாத்தியம் கெடைக்காதவங்கள விட 25 சதவீதம் அதிகம், 2014ல வெளிவந்த கணக்கு இது. பால் மாவு மட்டும் வாங்கின புள்ளைங்களுக்கு ஆரம்பத்துல நல்ல முன்னேற்றம் இருந்துச்சு, ஆனா பெருசானப்புறம் அது நெலைக்கல.

அதுக்காக சத்துமாவு வேணாம்னு யாரும் எடுத்துக்காதீங்க. பால்வாடில எடை போட்டு மாவு குடுக்கறது சின்ன விஷயம் இல்ல. 1980ல உலக வங்கி ஒதவியோட நம்ம தமிழ்நாட்டு கிராமங்கள்ல ஆரம்பிச்ச ஊட்டச்சத்து திட்டத்துலயே மாசாமாசம் புள்ளைங்கள எடை போட்டு பாத்து, எடை ஏறாததுங்களுக்கு தனியா ஆகாரம் குடுத்தாங்க. வயித்துக்கு அப்பவே யோசிச்சிருக்கோம், பேச்சுக்கும் விளையாட்டுக்கும் அதே அக்கற வேணும்னுதான் சொல்றேன். ஜமைக்கா முறைய பங்களாதேஷ், கொலம்பியா, பெரு, பிரேசில்னு பல நாட்டுக்காரங்க வாங்கிக்கினு போய் அவங்கவங்க ஊரு பாட்டு, அவங்கவங்க ஊரு படம்னு மாத்தி நடத்தியிருக்காங்க. நம்ம நாட்லயும் ஒடிசால கட்டாக் குடிசைப் பகுதிங்கள்ல 18 மாசம் நடத்தி பாத்துருக்காங்க, புள்ளைங்களுக்கு நல்ல பலன். எங்கயோ ஒரு தீவுல ஒரு அம்மா பாட்டில்ல கல்லு போட்டு ஆட்டினது இத்தன நாடு சுத்தி எங்க தெரு மாடிக்கு வந்துருக்குன்னா, அத நான் சாதாரணமா நெனைக்கல.

இங்கதான் என்னோட பெரிய கொற. அங்க 2 வருஷம், கட்டாக்ல 18 மாசம், இங்க 12 வாரம்! பாப்பா அப்பதான் அக்காவ பாத்தா சிரிக்க ஆரம்பிச்சுது, "பேட்ச் முடிஞ்சுது"ன்னுட்டாங்க. வீடு வீடா போக ஆள் இல்லன்னு சொல்றாங்க, அது நியாயம், ஒடிசா கிராமங்கள்லயே கூட்டமா ஒக்கார வெச்சு நடத்தினாலும் வீட்டுக்கு போய் நடத்தின மாதிரி பலன் வந்துருக்கு, செலவும் கம்மி. அதனால ஹால்ல நடத்தறது தப்பே இல்ல, ஆனா நாள கொறச்சா எப்படி? வாரம் ஒரு தடவ முடியலன்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவயாவது ஒரு வருஷம் ஓட்டுங்க.

ரெண்டாவது, நேரம். புதன்கிழமை 11 மணிக்கு எந்த அப்பா வருவான்? நான் ஹார்பர் வேலங்கறதால வந்தேன். ஸ்வீடன்ல 1974லயே புள்ள பொறந்தா அப்பாவும் சம்பளத்தோட லீவு எடுக்கலாம்னு சட்டம் கொண்டாந்துட்டாங்க, ஒலகத்துலயே அதுதான் மொதல். இங்க 2017ல சட்டத்த திருத்தி அம்மாங்களுக்கு 26 வாரம் ஆக்கினாங்க, நல்லதுதான், சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்டாஃப்பா இருந்தா அப்பாவுக்கும் 15 நாள் உண்டு. வண்டி ஓட்றவன், மூட்ட தூக்கறவன், வலை பின்றவன் லீவு போட்டா அன்னிக்கு கூலி இல்ல. சட்டத்த மாத்த இந்த அக்காவால முடியாது, ஆனா ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒரு பேட்ச் வைக்க முடியும். என் கூட லோடு அடிக்கற ரெண்டு பேரு வர்றேன்னு சொல்லிட்டாங்க.

அப்புறம் கட்டாயம் சரி பண்ண வேண்டியது, கிலுகிலுப்ப பாட்டில். ஆறாவது வாரம் குடுத்த பாட்டில்ல மூடிக்கு டேப் சுத்தல, வீட்ல பாப்பா திருகி கழட்டிடுச்சு, ஒரு கல்லு வாய்க்குள்ள போயிடுச்சு, எங்கம்மா வெரல விட்டு எடுத்தாங்க. உயிரு போயி உயிரு வந்துச்சு. சொன்னவொடனே மறுவாரமே எல்லா பாட்டிலுக்கும் பசை போட்டு டேப் சுத்திட்டாங்க, இருந்தாலும் வாங்கறப்ப ஒரு தடவ நீங்களே திருகி பாத்துட்டு வாங்குங்க. ஃபோட்டோவும் கேக்காமயே எடுக்கறாங்க, வேணாம்னா மொதல்லயே சொல்லிடுங்க, சொன்னா எடுக்க மாட்டாங்க.

எங்கம்மா ஆரம்பத்துல "அஞ்சு புள்ள பெத்து வளத்தவ நானு, பாட்டில்ல கல்லு போட்டு ஆட்டறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?"ன்னு ஒரே சண்ட. எட்டாவது வாரம் எனக்கு ஒடம்பு சரியில்லன்னு அவங்கள அனுப்பினேன். அக்கா அவங்கள நடுவுல ஒக்கார வெச்சு "ஆயா, உங்க ஊரு தாலாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க, இவங்க கத்துக்கட்டும்"னு கேட்டுருக்காங்க. அன்னிக்கி சாயந்திரமே பழைய பொடவைய கிழிச்சு ஒரு பொம்ம தெச்சாங்க எங்கம்மா, கண்ணுக்கு கருப்பு நூலு, வாய்க்கு செவப்பு நூலு. இப்ப சோறு ஊட்றப்ப ஃபோன் இல்ல, அந்த பொம்மைக்கு ஒரு வா, பாப்பாக்கு ஒரு வா. 2 வயசு வரைக்கும் டிவி, ஃபோன் காட்டறதே நல்லதில்லன்னு உலக சுகாதார அமைப்பு 2019லயே சொல்லியிருக்குன்னு அக்கா சொன்னப்ப வீட்ல யாரும் மதிக்கல, பொம்ம வந்ததும் தன்னால நின்னுடுச்சு. வார்த்தைங்கள நான் இப்ப எண்றதில்ல, "நைனா வண்டி போச்சு"ன்னு மூணு வார்த்த சேத்து சொல்லுது.

5க்கு 4 குடுக்கறேன். கொறச்ச அந்த 1, 12 வாரத்துக்கு.

போறவங்களுக்கு: படி ரொம்ப செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கந்தான், புள்ளய தூக்கிக்கினு ஏறறப்ப பாத்து. ஃபேன் ரெண்டுதான், மே மாசத்துல துண்டு எடுத்துக்கினு போங்க. வண்டிய முக்குலயே விட்ருங்க, உள்ள திரும்ப எடம் இல்ல. காலி பாட்டில் மூடி சேத்து குடுத்தா வாங்கிக்கறாங்க, நான் ஹார்பர் டீக்கடையில சொல்லி வெச்சு வாரம் ஒரு கவர் குடுக்கறேன். நீலம் நெறைய வருது, செவப்பு மூடிதான் பத்தல, வீட்ல இருந்தா எடுத்துட்டு போய் குடுங்க.