சிங்கி இறாலா, ரெசினா? ஆன்லைன் ஆர்பிஜிகளில் கிரைண்ட் பற்றி

திருகோணமலையில் ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை எடுத்து லெவல் லெவலாக வளர்க்கும் கேம்) விளையாடும் எங்கள் வட்டத்தில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒரே மிருகத்தை நூறு தடவை கொல்வது, ஒரே மரத்தை மணிக்கணக்கில் வெட்டுவது, 'கிரைண்ட்' எனப்படும் இதெல்லாம் நல்ல கேமுக்குள் இருக்க வேண்டுமா? படித்துக்கொண்டிருக்கும் பெடியள் "அது இல்லாட்டி லெவலுக்கு என்ன மரியாதை?" என்று கேட்பார்கள். வேலைக்குப் போகத் தொடங்கியவர்களோ, "மச்சான், இரவிலே கிடைக்கிறதே ஒரு மணித்தியாலம், அதையும் மரம் வெட்டியே கழிக்கவா?" என்பார்கள். நான் கிரைண்டின் பக்கம். ஆனால் எல்லாக் கிரைண்டுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். உன் வசதிக்குக் காத்திருக்கும் கிரைண்ட் ஒரு வகை, உன்னைத் தன் மணிக்கூட்டுக்கு ஓட வைக்கும் கிரைண்ட் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே பெயரால் திட்டுவது சரியில்லை.

முதல் வகைக்கு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை விட நல்ல உதாரணம் கிடையாது. 2007ஆம் ஆண்டின் பழைய பதிப்பை எடுத்து 2013இல் திரும்ப வெளியிட்ட கேம் இது. ஒரு திறனில் 99ஆம் லெவலுக்குப் போக 13,034,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். அதில் பாதி சேரும்போது நீங்கள் நிற்பது 92இல். அதாவது கடைசி ஏழு லெவலும், அதற்கு முந்திய எல்லாம் சேர்ந்த அளவுக்கு நீளம். மீன்பிடியை எடுத்தால் ஒரு சிங்கி இறாலுக்கு 90 எக்ஸ்பி. வேறெதுவும் பிடிக்காமல் அதையே பிடித்தால் 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேல் பிடிக்க வேண்டும். லெவல் கூடக் கூட வேகமான வழிகள் திறக்கும் என்பதால் யாரும் அப்படியே இருப்பதில்லை. ஆனாலும் அளவு புரிகிறதல்லவா?

காகிதத்தில் பார்த்தால் இது கொடுமை. விளையாடும்போது எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றவில்லை. பிடித்த இறாலின் எக்ஸ்பி எங்கேயும் போகாது. உயர்தரப் பரீட்சைக்காக ஒரு வருடம் விட்டுவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். 2018இலிருந்து அதே கணக்கைப் போனிலும் திறக்கலாம். கம்பியூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அப்புறம், மீன்பிடிக்கும் கரையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்பதில்லை, பேசுகிறார்கள். கைக்கு வேலை குறைவாக இருப்பதால்தான் வாய்க்கு நேரம் கிடைக்கிறது. எங்கள் வட்டத்தில் வெளிநாடு போனவர்களோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பதில் அந்தக் கரைகளுக்கும் பங்குண்டு. மும்முரமான சண்டைக் கேமில் யாரால் வீட்டு நிலைமை கேட்க முடியும்?

புதிதாக ஏதாவது சேர்ப்பதென்றால் வீரர்களின் வாக்கெடுப்பில் 70 சதவீதம் கிடைக்க வேண்டும் என்ற முறையும் எனக்குப் பிடிக்கும். அந்தத் தூரத்தை நடந்தவர்களிடமே கேட்கிறார்கள்.

குறைகளும் உண்டு. 2015இலிருந்து நிஜக் காசுக்குப் பொண்ட் என்ற பொருளை வாங்கி, கேமுக்குள் தங்கமாக மாற்றலாம். மீன்பிடியைக் காசால் நேரடியாக உயர்த்த முடியாது என்றாலும், பிரார்த்தனை, வீடு கட்டுதல் போன்ற சில திறன்களுக்குத் தங்கம் இருந்தால் வழி மிகவும் சுருங்கிவிடும். அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. 99ஆம் லெவல் மீனவனின் கை, 40ஆம் லெவல் மீனவனின் கையை விடப் பெரிதாகத் தேர்ந்திருக்காது. எண் வளர்கிறது, ஆள் வளர்வதில்லை. பாஸ் எனப்படும் பெரிய அரக்கர்களோடு மோதும் சண்டைகளில் இது தலைகீழ். அங்கே பத்தாவது தடவை நீங்கள் நிஜமாகவே நன்றாக விளையாடுவீர்கள்.

சரி, எதிர்ப்பக்கம் கென்ஷின் இம்பாக்ட். 2020 செப்டம்பரில் வந்தது, இலவசம், போனில் ஓடும். ஊரில் இதை விளையாடுகிறவர்கள் ஏராளம். இதில் பாத்திரங்களை வலுப்படுத்த ரெசின் என்ற சக்தி வேண்டும். 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். உச்ச அளவு முன்பு 160, 2024இலிருந்து 200. ஆர்டிஃபாக்ட் (பாத்திரத்தின் பலத்தைக் கூட்டும் அணிகலன்) கிடைக்கும் இடத்தில் ஒரு தடவைக்கு 20 செலவாகும். ஒரு நாளைக்கு ஊறுவது 180, ஆக ஒன்பது தடவை. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம். மொத்தத்தில் அரை மணித்தியாலம் கூட ஆகாது. ரூன்ஸ்கேப்போடு ஒப்பிட்டால் இது கிரைண்டே இல்லை என்று சிலர் வாதாடுவார்கள்.

எனக்கு இதுதான் கூடுதல் பாரம். ரெசின் நிரம்பிய பிறகு ஊற்று நின்றுவிடும். நீங்கள் உள்ளே போகாத ஒவ்வொரு நாளும் கழிந்துபோன பங்குதான். சுருக்கி எடுத்து வைக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் உள்ளே போயே ஆக வேண்டும், வைக்கக்கூடிய அளவும் சிறியது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அப்போது 160 ரெசின் நிரம்ப 21 மணித்தியாலம் 20 நிமிடம். கரண்ட் போனால் சற்று நேரத்தில் டவரும் படுத்துவிடும், போனில் சார்ஜும் இருக்காது. நடுச்சாமத்தில் கரண்ட் வந்ததும் எழும்பி, தூக்கக் கலக்கத்தோடு ரெசினைச் செலவழித்துவிட்டுப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். அது விளையாட்டா? மாரி காலத்தில் காற்றடித்தாலே லைன் போகும் நம் ஊருக்கு, தினக்கணக்கு வைக்கும் கேம் பொருந்தவே பொருந்தாது. இத்தனைக்கும் அந்த வரம்பைத் தாண்ட பிரைமோஜெம் என்ற கேம் நாணயத்தைக் கொடுத்து ரெசினை நிரப்பலாம். அந்தப் பிரைமோஜெம்மைக் காசுக்கும் பெறலாம். மதகைக் கட்டியவரே வாளியில் தண்ணீர் விற்கிற கதை. அந்த உலகின் அழகையும் கதையையும் நான் மறுக்கவில்லை. சுற்றித் திரிய ரெசின் தேவையில்லை, அந்தப் பகுதி அருமை.

கிரைண்டே வேண்டாம் என்பவர்களுக்கு கில்ட் வோர்ஸ் இருக்கிறது. 2005இல் வந்த முதல் கேமில் உச்ச லெவல் வெறும் 20. கதை முடிவதற்கு வெகு முன்பே அங்கே போய்விடலாம். விலை கூடிய கவசம் பார்க்க அழகு, பாதுகாப்பு அதே அளவுதான். 2012இல் வந்த கில்ட் வோர்ஸ் 2இல் உச்சம் 80. இன்றுவரை அதை உயர்த்தவில்லை, மாதக் கட்டணமும் இல்லை. அதே வருட நவம்பரில் அசென்டட் என்ற மேலான கருவிகளைக் கொண்டுவந்தபோது "கிரைண்ட் இல்லை என்று சொன்னீர்களே" என்று வீரர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பெரும்பாலான இடங்களுக்கு அதற்குக் கீழுள்ள எக்ஸோட்டிக் கருவியே போதும். வருடங்கள் கழித்துத் திரும்பினாலும் உங்கள் கவசம் பழசாகியிருக்காது. நமக்குள்ள பிரச்சினை, கம்பியூட்டர் வேண்டும், சேர்வர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். இங்கிருந்து விளையாடினால் லேக் (தாமதம்) தெரியும். இன்னொன்றும் பார்த்தேன். ஏற ஒரு படி இல்லாததால் எங்களில் சிலர் 80ஐத் தொட்டதும் கழன்றுவிட்டார்கள்.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் நடுவழி. கேமை மூடும்போது பாத்திரத்தைச் சத்திரத்தில் ஓய்வெடுக்க விட்டுவிட்டுப் பிறகு வந்தால், அரக்கர்களைக் கொல்லும்போது இரட்டிப்பு எக்ஸ்பி கிடைக்கும். அதாவது வராதவனுக்கு இழப்பில்லை, வந்ததும் ஒரு தூக்கிவிடல். மாதச் சந்தா நம் சம்பளத்துக்குக் கட்டாது என்பதால் இங்கே அதிகம் ஓடவில்லை. சந்தா கட்ட முடியாதவர்கள் ஃபைனல் ஃபேன்டசி 14இன் இலவசச் சோதனையைப் பார்க்கலாம். 70ஆம் லெவல் வரை, கால எல்லை இல்லாமல்.

கிரைண்டைக் காசால் தாண்டவிட்டால் என்ன நடக்கும் என்பதை டியாப்லோ 3 காட்டிவிட்டது. 2012இல் நிஜக் காசு ஏலச் சந்தையைத் திறந்தார்கள். அரக்கனைக் கொன்று பொருள் தேடுவதை விடச் சந்தையில் வாங்குவது லாபம் என்றானதும் கேமின் உயிரே போனது. 2014 மார்ச்சில் அவர்களே மூடினார்கள்.

ஆகவே படிக்கிற தம்பிக்கு நான் சொல்வது ரூன்ஸ்கேப். டேட்டாவும் அதிகம் தின்னாது, பரீட்சை வந்தால் மூடிவைக்கலாம். கம்பியூட்டரும் நல்ல லைனும் உள்ள, இரவில் மட்டும் நேரம் கிடைக்கும் அண்ணனுக்கு கில்ட் வோர்ஸ் 2. கென்ஷினை விரும்புகிறவர்கள் கதைக்காக விளையாடுங்கள், ரெசினை மறந்துவிடுங்கள். அதன் தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அதே நிறுவனத்தின் ஹொங்காய் ஸ்டார் ரெயிலில் ரெசின் போன்ற சக்தி நிரம்பி வழிந்தாலும் வீணாகாமல், மெதுவாகவேனும் தனியாகச் சேமிப்பில் ஏறுகிறது. அந்தச் சேமிப்பைக் கென்ஷினிலும் வையுங்கள்.