பள்ளி விட்ட பிறகு: டே கேரா, வீட்டுக்கு வரும் ஆயாவா?

பள்ளி விடுவது 3.30, அம்மா அப்பா வீடு திரும்ப 7 மணி. நடுவில்?

செலவு: டே கேரில் தலைக்குக் கட்டணம், இரண்டு பிள்ளைகள் என்றால் ஆயா சம்பளமே கட்டுப்படியாகும்.

லீவு: டே கேரில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார். ஆயா ஊருக்குப் போனால் உங்களுக்கும் லீவுதான்.

காய்ச்சல்: டே கேரில் திருப்பி அனுப்புவார்கள், ஆயா கஞ்சி வைத்துக் கொடுப்பார்.

பாதுகாப்பு: எதுவானாலும் கவனம் தேவைப்படுவது வேன் இறங்குமிடத்தில். பிள்ளையை அழைத்துப்போகும் இருவரின் பெயர், போட்டோ, போன் எண்ணைப் பள்ளியிலும் வேன் டிரைவரிடமும் கொடுத்துவையுங்கள். ஆயா என்றால் ஆதார் நகல் வாங்குங்கள். முதல் வாரம் நீங்களும் வீட்டில் இருங்கள்.

ஒற்றைப் பிள்ளை, ஓடியாட ஆள் வேண்டும் என்றால் டே கேர். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கும், இரவு ஷிப்ட் வீட்டுக்கும் ஆயாதான் சரி.