உண்ணிக் காய்ச்சல்: கண்ணாடித் தகடா, கிட்டா, பிசிஆரா?

மட்டக்களப்பில் நாய் சோறு தின்னாமல் படுத்தால் உடனே உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் உண்ணி பரப்பும் கிருமி ஒன்றல்ல: சிவப்பணுவுக்குள் புகும் பபீசியாவுக்கு ஒரு மருந்து, வெள்ளையணுவைப் பிடிக்கும் எர்லிக்கியாவுக்கு வேறு மருந்து. ஆகவே எந்தச் சோதனை செய்கிறோம் என்பது முக்கியம்.

என் முதல் தெரிவு கண்ணாடித் தகடு. காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, மெல்லியதாய் இழுத்து, சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. செலவு குறைவு, அன்றைக்கே விடை. இலங்கை நாய்களில் அதிகம் காணப்படும் பபீசியா கிப்சோனி என்ற வகை மிகச் சிறியது. பழகிய கண் வேண்டும். கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடும். எர்லிக்கியா தகட்டில் சிக்குவது அபூர்வம்.

அதற்குத்தான் கிட் என்பார்கள்: இரத்தத் துளி விட்டால் கோடு விழுந்து விடை காட்டும் சிறு சோதனைப் பெட்டி. பரவலாக விற்கும் நான்கு நோய்க் கிட் இதயப்புழு, எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் ஆகியவற்றைத்தான் பார்க்கும். பபீசியா அதில் இல்லை! கிட்டில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. எர்லிக்கியாவுக்கும் அது தேடுவது கிருமியை அல்ல, நாயின் உடல் உண்டாக்கிய நோயெதிர்ப்புப் பொருளை; குணமான நாயிலும் மாதக்கணக்கில் கோடு விழும்.

ஆய்வுகூடத்தில் செய்யும் பிசிஆர் சோதனை கிருமியின் மரபணுவையே தேடுவதால் வகையையும் பிரித்துச் சொல்லும். ஒரே நாய்க் கூட்டத்தைத் தகட்டில் பார்த்தால் தொற்று வீதம் குறைவாகவும், பிசிஆரில் கூடுதலாகவும் வருவது வழக்கம். 'இத்தனை வீத நாய்களுக்குத் தொற்று' என்று படித்தால், எந்தச் சோதனை என்று முதலில் பாருங்கள். நமக்குச் சிக்கல் தூரம்: மாதிரியைக் குளிரில் வைத்துப் பேராதனைப் பக்கமோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டும். நாக்கு வெளிறி, சிறுநீர் கறுத்த நாய் அதுவரை தாங்காது.

பூனை வேறு கதை. அதற்கு வரும் மைக்கோபிளாஸ்மா ஒரு பக்டீரியா. சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும். குழாயில் வைத்த இரத்தத்தில் அது கழன்றுவிடும். அதனால் இரத்தம் எடுத்த இடத்திலேயே உடனே தகட்டில் இழுக்க வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் பிசிஆர்தான். நாய்க் கிட் பூனைக்கு உதவாது.

தகடு வெறுமையாக வந்து, நோய்க்குறி மட்டும் பலமாக இருந்தால் மிருக வைத்தியர் ஊகித்தே மருந்து தொடங்குவார்; அது நியாயம். முதல் ஊசிக்கு முன் ஒரு குழாய் இரத்தத்தை எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து ஏறிய பிறகு பிசிஆரும் கிருமியைத் தவறவிடலாம்.