ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ரெடிமேட் வயரிங் கிட்: மழைக்காலங்களைக் கண்ட பிறகு

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3 என்ற பழைய கார் ஒன்றை அண்மையில் வாங்கிய நண்பர், கடையில் கிடைக்கும் ரெடிமேட் வயரிங் கிட்டை வாங்கிப் போட்டுவிடலாமா, வண்டியில் இருக்கும் பழைய வயரிங்கையே இறக்கிச் சரிசெய்து மாட்டலாமா என்று கேட்டிருந்தார். என் வண்டியில் ரெடிமேட் கிட் ஏறிச் சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அதன் முன்பக்கக் கனெக்டர்கள் அத்தனையையும் சென்ற மாதம்தான் மாற்றி முடித்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம். ஆனால் கீழே எழுதப்போவதில் பெரும்பகுதி அந்தக் கிட்டைப் பற்றிய பாராட்டாகத்தான் இருக்கும். அந்தப் பாராட்டுக்கு அது முழுக்கத் தகுதியானது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வயரிங்கை மாற்ற வேண்டிய நிலை எப்படி வந்தது என்பது பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த கதை. என் கைக்கு வருவதற்கு முன் அந்த ஹெரால்டைப் பலர் பழுது பார்த்திருந்தார்கள். ஹாரனுக்குத் தனியாக ஒரு சிவப்பு வயர், பிரேக் லைட்டுக்கு இன்னொரு சிவப்பு வயர், டேஷ்போர்டுக்கு அடியில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகள் என்று வண்டி முழுவதும் ஒட்டுவேலையாக இருந்தது. சென்னை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, தொட்ட இடமெல்லாம் கையில் ஒட்டியது. இன்ஜின் பக்கம் ஓடிய வயர்களின் மேலுறை காய்ந்து, வளைத்தால் நொறுங்கியது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. என் வண்டியின் மூல வயரிங்கில் ஃபியூஸ் என்று ஒன்றுமே கிடையாது. எங்காவது ஒரு வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால், மின்னோட்டத்தை நிறுத்த அந்த வயர் எரிந்து அறுந்து போவதைத் தவிர வேறு வழியே இல்லை. அது தன்னோடு கட்டியிருக்கும் மற்ற வயர்களையும் சேர்த்தே எரிக்கும்.

கிட் வந்திறங்கியதும் முதலில் மகிழ்ச்சியளித்தவை அதன் நிறங்கள். 1961இல் வெளிவரத் தொடங்கிய நம் ஹெரால்ட், வண்டலூரில் செய்யப்பட்ட வண்டிதான் என்றாலும், அதன் மின்னமைப்பு முழுவதும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் முறையைச் சேர்ந்தது. அந்த முறையில் வயரின் அடிநிறம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். மேலே ஓடும் கோட்டின் நிறம் அது எங்கே போகிறது என்பதைச் சொல்லும். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியைத் திருப்பாவிட்டாலும் உயிரோடிருப்பது. வெள்ளை, சாவியைத் திருப்பிய பிறகு உயிர் பெறுவது. பச்சை, அதே சாவி வழியே இண்டிகேட்டர், பிரேக் லைட், மீட்டர்கள் போன்ற துணைக்கருவிகளுக்குச் செல்வது. சிவப்பு பார்க்கிங் விளக்குகளுக்கும், நீலம் ஹெட்லைட்டுக்கும், கறுப்பு எர்த்துக்கும் (மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் பாதைக்கு) உரியவை. பச்சையில் கத்தரிப்பூ நிறக் கோடு ஓடினால் பிரேக் லைட். பச்சையில் வெள்ளைக் கோடு வலப்புற இண்டிகேட்டர், சிவப்புக் கோடு இடப்புறம். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு டிம். இந்த ஒழுங்கு மனத்தில் பதிந்துவிட்டால், வரைபடத்தை விரிக்காமலேயே டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து எந்த வயர் எது என்று சொல்லிவிட முடியும். சிவப்பு வயர்களால் மட்டுமே நிறைந்திருந்த வண்டியில் இத்தனை காலம் தடவித் தடவி வேலை பார்த்த பிறகு, அந்த நிறங்கள் எல்லாம் மீண்டும் அதனதன் இடத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோது ஏற்பட்ட நிறைவு இன்றும் எனக்குக் குறையவில்லை.

கிட்டைச் செய்தவர்கள் இதில் துளியும் கஞ்சத்தனம் காட்டவில்லை. பேட்டரியிலிருந்து வரும் முக்கியப் பழுப்பு வயர் 44 இழை கொண்ட கனமான வயர். ஹெட்லைட்டுக்கு 28 இழை, சிறு விளக்குகளுக்கு 14 இழை என்று மூல வண்டியில் இருந்த அளவுகளையே பின்பற்றியிருந்தார்கள். பழைய வயரிங்கைத் தரையில் விரித்து, புதியதை அதன் பக்கத்தில் கிடத்தி, ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். மீட்டர்களுக்குச் செல்லும் கிளை, வைப்பர் மோட்டாருக்குச் செல்லும் கிளை, பின்பக்கத்துக்கு ஓடும் நீண்ட பகுதி ஆகிய யாவும் விரற்கடை அளவுக்குள் பொருந்தின. சுற்றியிருந்த டேப்பும் பசையில்லாத வகை. பசை டேப் சுற்றிய வயரிங்கைச் சில கோடைகளுக்குப் பிறகு பிரிக்க நேர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மாட்டும் வேலையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பழைய வயர் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டிய பிறகே அவிழ்ப்பது, டேஷ்போர்டுப் பகுதியை முதலில் பொருத்திவிட்டு இன்ஜின் பக்கம் செல்வது, தகட்டில் வயர் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் புது ரப்பர் புஷ் போடுவது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் போதும். ஆனால் எர்த் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஹெரால்டின் பாடி தனி சேசிஸின் மேல், பகுதி பகுதியாக போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. பெயின்ட் அடித்த பகுதிகளுக்கு இடையே மின்சாரம் அந்த போல்ட்கள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும் என்று விட்டுவிட்டால், எந்த விளக்கும் நம்பத்தக்கதாக எரியாது. இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை அறுந்திருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரும் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று அதைச் சுட வைக்கும். என் வண்டியில் பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் ஒன்றுசேர்ந்து எப்போதும் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் பொய் சொன்னால், அவற்றுக்கு 10 வோல்ட் மட்டும் கொடுக்க வேண்டிய ஸ்டெபிலைசரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது கெட்டுப்போகவில்லை, அதன் கூடு பாடியைத் தொடும் இடத்தில் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். எர்த் கிடைக்காததால் அது பேட்டரியின் முழு வோல்டேஜையும் அப்படியே மீட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் ஒரு காசளவுக்குத் தகட்டைச் சுரண்டியதும் இரண்டு முள்ளும் உரிய இடத்துக்கு இறங்கின.

இனி, என்னை இன்றுவரை கோபப்படுத்தும் அந்த ஒரு பொருளுக்கு வருகிறேன். இந்த வயரிங்கில் வயரும் வயரும் சேரும் இடங்களில் புல்லட் கனெக்டர்கள் இருக்கும். வயரின் நுனியில் புல்லட் எனப்படும் உருண்டையான உலோக முனை; அப்படி இரண்டு முனைகள் இருபுறமிருந்தும் நுழையும், ஸ்லீவ் எனப்படும் ஓர் உலோகக் குழல்; குழலின் மேல் கறுப்பு ரப்பர் உறை. இவ்வளவுதான் அதன் அமைப்பு. மூல வண்டியில் வந்த ஸ்லீவுக்குள் புல்லட்டை நுழைக்க இடுக்கி வேண்டும். நுழைந்து உட்காரும்போது ‘டக்’ என்று ஒரு பிடிப்பு தெரியும். இந்தக் கிட்டில் வந்த ஸ்லீவிலோ விரலால் தள்ளினாலே புல்லட் போய்விடுகிறது, விரலால் இழுத்தாலே வந்தும் விடுகிறது. வேலைக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியன் பெரியவர், இளமையில் ஹெரால்டுகளிலேயே கைபழகியவர், முதல் ஸ்லீவைக் கையில் எடுத்ததுமே, “சார், இது கொழகொழன்னு போகுது. மழை வந்தா நிக்காது” என்றார். ரப்பரைப் பிதுக்கிக் குழலை வெளியே எடுத்து, அதன் அருகே காந்தத்தைக் கொண்டுபோனார். ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. மெல்லிய இரும்புத் தகட்டை வளைத்து மேலே முலாம் பூசியிருந்தார்கள். அதில் பிடித்து நிற்கும் விறைப்பும் இல்லை, துருவைத் தாங்கும் தன்மையும் இல்லை.

ஹெரால்டில் இது சின்னக் குறையாக நின்றுவிடாததற்குக் காரணம் அதன் பானட். முன்மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் உட்பட முகப்பு முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் அமைப்பு அது. இன்ஜினை இத்தனை வசதியாக அணுக விடும் வண்டி வேறு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் முன்விளக்குகள் எல்லாம் பானட்டிலேயே இருப்பதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவற்றின் வயர்கள் வளைந்து நிமிர்கின்றன, கனெக்டர்கள் இழுபடுகின்றன. சக்கரங்கள் வாரியடிக்கும் தண்ணீரும் அங்கேயேதான் வந்து விழுகிறது. பிடிப்பில்லாத இரும்பு ஸ்லீவுக்கு இதைவிடக் கொடிய இடம் அந்த வண்டியில் இல்லை.

முதல் மழைக்காலத்திலேயே வலப்புற இண்டிகேட்டர் மந்தமாயிற்று. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய வகை ஃபிளாஷர், விளக்குகள் இழுக்கும் மின்னோட்டத்தால் உள்ளே ஒரு கம்பி சூடாகி இயங்குவது. இரண்டு 21 வாட் பல்புகளுக்கு உரிய மின்னோட்டம் கிடைக்காவிட்டால் அது நிதானமிழந்து, கடைசியில் நின்றேவிடும். ஆகவே லூஸ் கான்டாக்டை முதலில் காட்டிக்கொடுப்பது எப்போதும் இண்டிகேட்டர்தான். அதைத் தொடர்ந்து அதே பக்க ஹெட்லைட் மங்கியது. ரப்பரைத் திறந்து பார்த்தபோது புல்லட்டின் மேல் செம்பழுப்பாகத் துருப்பொடி படிந்திருந்தது. விளக்கு எரியும்போதே ஸ்லீவின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்துகொண்டிருந்தது. ஒரு வோல்ட்தானே என்று நினைக்கலாகாது. 12 வோல்ட்டில் 45 வாட் எரிய வேண்டிய பல்புக்கு 11 வோல்ட் மட்டும் போனால் அதன் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். தொலைந்த மின்சாரமோ மூன்று வாட்டுக்கும் மேலான வெப்பமாக அந்தச் சின்ன ரப்பர் உறைக்குள்ளேயே தங்கும். சூட்டில் ஸ்லீவின் பிடி மேலும் தளரும், தளர்ந்தால் சூடு மேலும் ஏறும். இரவில் எதிரே லாரி வரும் சாலையில், ஒரு பக்கம் மங்கிய விளக்கோடு போய் வந்தவர்களுக்கே இந்தக் கோபத்தின் நியாயம் தெரியும்.

விற்றவர்களிடம் முறையிட்டேன். மரியாதையாகப் பேசினார்கள், மாற்று ஸ்லீவுகளைத் தபாலில் அனுப்பியும் வைத்தார்கள். அவற்றிலும் காந்தம் ஒட்டியது. “இப்போது சந்தையில் கிடைப்பது இதுதான்” என்று பதில் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்கு முன் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு முழு வயரிங்கையும் சரியான நிறத்தில், சரியான கனத்தில் செய்து கொடுப்பவர்கள் இருப்பதே பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலையுயர்ந்த செம்பை அத்தனை தாராளமாகக் கொடுத்தவர்கள், கையளவு பித்தளையில் சிக்கனம் பிடித்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் கிட்டில் பத்தில் ஒன்பது பங்கு குறை சொல்ல முடியாதது. எஞ்சிய ஒரு பங்கு, மற்ற ஒன்பதையும் மழை நாளில் பயனற்றதாக்குகிறது.

தீர்வு பழைய வயரிங்கிலேயே இருந்தது. தூக்கி எறியாமல் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்த அந்தப் பழைய வயரிங்கிலிருந்து பித்தளை ஸ்லீவுகளைப் பெரியவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து, புளிப்பு தங்கிவிடாதபடி சோடா மாவு கரைத்த நீரிலும், பிறகு நல்ல நீரிலும் அலசி, வெயிலில் உலர்த்தினார். புத்தம் புதிதாகப் பளபளத்த அந்தக் குழல்களுக்குள் புல்லட்டை நுழைக்க, அரை நூற்றாண்டு கழித்தும், இடுக்கிதான் தேவைப்பட்டது. கிட்டில் வந்த புல்லட்டுகளும் வெறுமனே நசுக்கி மாட்டியவை என்பதால், முன்பக்கத்துக்கு உரியவற்றை மட்டும் வெட்டிவிட்டு, புதுப் பித்தளை முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இணைப்புகளின் மேல் வாசலின் தடவி ரப்பரை மூடினோம். இப்போது அதே இடத்தில் மீட்டர் வைத்தால் முள் அசைவதாகவே தெரியவில்லை. இண்டிகேட்டரும் உரிய வேகத்தில் துடிக்கிறது.

அந்த வேலையின்போதுதான் என் முடிவு உறுதிப்பட்டது. பழைய வயரிங்கில் கெட்டிருந்தவை வெப்பம் பட்ட இன்ஜின் பக்கப் பகுதியும், பலர் வெட்டி ஒட்டிய டேஷ்போர்டுப் பகுதியும் மட்டுமே. பின்பக்கத்துக்கு ஓடிய நீண்ட பகுதியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே வயர்களின் நிறம்கூட மங்காமல் இருந்தது. ஆகவே நண்பருக்கு நான் சொல்வது இதுதான். வயரிங்கை வெட்டாமல் முழுதாக இறக்குங்கள். டேப்பைப் பிரித்து, மேலுறை நொறுங்கும் வயர்களை மட்டும் அதே நிறத்திலும் அதே கனத்திலும் மாற்றிக் கட்டித் தரும் எலக்ட்ரீஷியனைத் தேடுங்கள். நாள் கூடுதலாகும், கூலியும் கிட்டின் விலையை எட்டக்கூடும். இருந்தாலும் அதையே செய்யுங்கள். கூடவே, சாவியிலிருந்து பச்சை வயர்கள் கிளம்பும் இடத்தில் 35 ஆம்பியர் லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றையும், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸோடு கூடிய ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். அவை டேஷ்போர்டுக்கு அடியில் மறைந்துவிடும், வண்டியின் தோற்றம் கெடாது.

ஒருவேளை கிட்டுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அது வந்ததும் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஸ்லீவுகளிடம் போங்கள். ஒட்டினால், முன்பக்கத்துக்கு உரியவற்றை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பானட்டைப் பொருத்திய பிறகு அந்த இடத்துக்குள் இரண்டு கைகளை நுழைப்பது எளிதல்ல.